ஒட்டியும் ஒட்டாமலும்

சேந்தமங்கலத்துக் கடைகளில் முட்டை வாங்கும் பெண்களைக் கவனித்திருக்கிறேன். இரண்டு முட்டைகளை ஒரே கையில் எடுத்து, விரலிடுக்கில் உருட்டி, ஒன்றோடு ஒன்றை மெல்ல மோதவிடுவார்கள். ‘டிங்’ என்று கணீரென வந்தால் இரண்டும் பைக்குள் போகும். ‘டொக்’ என்று வந்தால் ஒன்று அட்டைக்கே திரும்பிவிடும். எடுத்துப் பார்த்தால் கீறல் எதுவும் நம் கண்ணுக்குத் தெரியாது. கடைக்காரரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. நாமக்கல் மாவட்டத்தில் முட்டை விஷயத்தில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

முட்டை நல்லதா என்று அறிய இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. உடைத்துப் பார்த்துவிடலாம். சந்தேகமே இருக்காது, ஆனால் முட்டையும் இருக்காது. நூறு முட்டையில் ஐந்தை உடைத்துப் பார்த்து மீதி 95-ம் நன்றாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கலாம். கையில் இருக்கும் இந்த ஒரு முட்டையைப் பற்றி அந்த ஊகம் உறுதியாக எதுவும் சொல்லாது. பொருளைக் கெடுக்காமல் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டறிவதைப் பொறியாளர்கள் சிதைக்காச் சோதனை என்கிறார்கள். முட்டைக்கு இதில் இரண்டு முறைகள் பழக்கத்தில் உள்ளன. மோதிக் கேட்பது ஒன்று. குஞ்சு பொரிக்கும் கூடங்களில் இருட்டில் விளக்குக்கு மேல் முட்டையைப் பிடித்து, கருவையும் காற்றறையையும் ஒளியில் பார்ப்பது இன்னொன்று. ஒலியால் ஒன்று, ஒளியால் ஒன்று. விமான இறக்கையைச் சோதிக்கும் கூடத்தில் இருக்கும் கோடி ரூபாய் இயந்திரங்களும் இந்த இரண்டு குடும்பங்களில்தான் பெரும்பாலும் அடங்கும். மூன்றாவதாக ஒன்று உண்டு, வெப்பம். அதற்குச் சமையலறைக்குப் போக வேண்டும், பிறகு போவோம்.

சோதிக்கப் பெரிய அளவில் தலைவலி தரும் பொருள்கள் இரண்டு. பல பொருள்களை அடுக்கிச் செய்த கூட்டுப்பொருள் ஒன்று, பசையாலோ சூட்டாலோ ஒட்டிய இணைப்பு மற்றது. இரும்புத் தூணில் கோளாறு வந்தால் அது பெரும்பாலும் ஒரு விரிசலாக வெளியே தலைகாட்டும். அடுக்குப் பொருளில் கோளாறு அடுக்குகளுக்கு நடுவே, மேற்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும். இதைப் புரிந்துகொள்ள ஆய்வகம் தேடிப் போக வேண்டியதில்லை. லாரிகளால் வாழும் ஊர்ப்பக்கம் இது. இங்கே அந்தப் பொருள் சாலையோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

டயர்தான் அது. பார்க்க ஒரே ரப்பர் வளையம் போலத் தெரியும். அறுத்துப் பார்த்தால் நைலான் நூல் அடுக்குகள் அல்லது எஃகுக் கம்பிப் பட்டைகள், அவற்றின் மேலும் கீழும் வெவ்வேறு குணமுள்ள ரப்பர்கள், விளிம்பில் கம்பிக் கட்டு. கம்பி இழுவையைத் தாங்கும், ரப்பர் வளைந்து கொடுக்கும். இரண்டும் பிரியாமல் இருக்கும்வரைதான் அது டயர். விமானத்தின் கார்பன் நாரும் எபாக்ஸிப் பிசினும் செய்துகொள்ளும் ஒப்பந்தமும் இதுவே.

லாரி டயரின் மேல்தோல் தேய்ந்து மொட்டையான பிறகும் அடிக்கூடு, அதாவது கேசிங், பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மேலே புதுத்தோல் போட்டால் இன்னொரு ஆயுள் கிடைக்கும். ரீட்ரேடிங் என்பது இதுதான். முதலில் டயரை விரித்து விளக்கடியில் உள்ளும் புறமும் பார்ப்பார்கள். பிறகு பஃபிங்: பழைய தோலைச் சுரண்டி, சொரசொரப்பான சீரான பரப்பாக்குவது. காயங்களைச் செதுக்கி ரப்பரால் நிரப்புவார்கள். ரப்பர் சொல்யூஷன் அடித்து, குஷன் கம் என்னும் வேகாத மெல்லிய ரப்பர் தாளை வைத்து, அதன் மேல் ஏற்கெனவே வார்த்த டிரெட் பட்டையைச் சுற்றுவார்கள். முழு டயருக்கும் ரப்பர் உறை மாட்டி, காற்றை உறிஞ்சி, சேம்பருக்குள் தள்ளிக் கதவை மூடினால், ஏறக்குறைய 100 டிகிரி வெப்பத்திலும் அழுத்தத்திலும் சில மணி நேரத்தில் குஷன் கம் வெந்து இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். டயரின் மறுபிறவி முழுவதும் அந்த மெல்லிய தாள் ஒன்றின் மேல் நிற்கிறது.

நாமக்கல் சாலையில் ஒரு பட்டறையில் ஒரு நாள் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சேம்பரிலிருந்து வந்து ஆறிய டயர்களை ஒரு பெரியவர் வரிசையாகத் தட்டிக்கொண்டு போனார். கையில் சின்னச் சுத்தியல். டயரை உருட்டிக்கொண்டே அங்குலம் அங்குலமாகத் தட்டினார். பத்துப் பதினைந்து தட்டுக்கு ஒருமுறை என்னைப் பார்த்துச் சிரித்தார். ஓரிடத்தில் நின்று, திரும்பத் தட்டி, சாக்பீஸால் வட்டம் போட்டார்.

“இதுல என்னங்க தெரியுது?” என்றேன்.

“உள்ள காத்து இருக்குதுங்க. தட்டுனா கை ஏமாறுது பாருங்க.”

நானும் தட்டிப் பார்த்தேன். எல்லாத் தட்டும் எனக்கு ஒன்றாகவே கேட்டது. ‘கை ஏமாறுது’ என்று அவர் சொன்னதன் பொருள் வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் விளங்கியது.

பொதுவாக நாம் நினைப்பது என்ன? உள்ளே பொந்து இருந்தால் சத்தம் மாறும், அவ்வளவுதான் என்று. பீட்டர் காலி, ஆடம்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் பொறியாளர்கள் 1980-களில் இந்தத் தட்டலை அளந்து பார்த்தார்கள். ரகசியம் சுத்தியலும் பரப்பும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் இருந்தது. ஒட்டு நன்றாக உள்ள இடத்தில் பரப்பு விறைப்பாக இருக்கும், சுத்தியல் சட்டென்று எகிறிவிடும். அடி குறுகியதாக இருப்பதால் அதில் உச்ச அதிர்வுகள் நிறைய இருக்கும், காதுக்குக் கணீரென்று கேட்கும். ஒட்டுவிட்ட இடத்தில் மேல் அடுக்கு தனியாக ஒரு தோல்போல இருப்பதால் கொஞ்சம் உள்வாங்கிக் கொடுக்கும், சுத்தியல் ஒரு கணம் கூடுதலாக அங்கே தங்கிவிடும். உச்ச அதிர்வுகள் எழுவதில்லை, ஒலி மந்தமாகிறது. அந்தக் கூடுதல் கணத்தை அவர் கை உணர்ந்தது. ஆகவே ‘கை ஏமாறுது’ என்பதைப் பேச்சு வழக்கு என்று தள்ளிவிட முடியாது, அது சரியான இயற்பியல். சுத்தியலுக்குள் விசை உணரி பொருத்தி, தொடும் நேரத்தை எண்ணாகக் காட்டும் கருவிகள் இன்று விமானப் பணிமனைகளில் இருக்கின்றன.

ஒலி எது நல்லது, எது கெட்டது என்பதைப் பொருள்தான் தீர்மானிக்கிறது. கொல்லிமலையிலிருந்து இறங்கும் பலாப்பழத்தைத் தட்டினால் மந்தமான ஒலி வந்தால்தான் பழுத்தது. கணீர் என்றால் காய், இன்னும் நாலு நாள் சாக்கில் கிடக்க வேண்டும். பானைக்குக் கணீர் வேண்டும், பலாவுக்குக் கூடாது. நல்ல நிலையில் உள்ள ஒன்று எப்படி ஒலிக்கும் என்று முதலில் தெரிந்திருந்தால்தான் தட்டலுக்கு அர்த்தம். மருத்துவர்கள் நெஞ்சில் விரல் வைத்துத் தட்டிப் பார்ப்பதும் இந்தப் பரம்பரையில் வந்ததுதான். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் விடுதிக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் லியோபோல்டு அவுன்பிரூக்கர். பீப்பாயில் மது எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தட்டிக் கண்டுபிடிப்பதை வீட்டில் பார்த்து வளர்ந்தவர், நெஞ்சுக்குள் நீர் கட்டியிருப்பதையும் அப்படியே கண்டுபிடிக்கலாம் என்று 1761-இல் சிறு நூல் ஒன்று எழுதினார். சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் அதைச் சட்டை செய்யவில்லை.

தட்டலுக்கு எல்லை உண்டு. கோளாறு பரப்புக்கு அருகிலும் ஓரளவு பெரிதாகவும் இருந்தால்தான் கேட்கும். ஆழம் கூடக்கூட மேலே இருக்கும் அடுக்கு தடித்துவிடும். தடித்த அடுக்கு ஒட்டுவிட்டாலும் விறைப்பாகவே நிற்கும். பக்கத்தில் கம்பிரஸர் ஓடினால் பாதி காது போய்விடும். பெரியவருக்கு 60 வயதுக்கு மேல் இருக்கும். வயதானால் முதலில் மங்குவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன்தான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

காதால் கேட்க முடியாத ஒலிக்கு இங்கே வேலை வருகிறது. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுவரை கேட்கும். கார்பன் நார்த் தகட்டைச் சோதிக்கும் மீயொலி நொடிக்கு 50 லட்சம் அதிர்வு என்ற அளவில் இருக்கும். தகட்டின் மேல் தண்ணீரோ களிம்போ தடவி உணரியை வைத்தால் ஒலி உள்ளே இறங்கி, அடிப்பரப்பில் பட்டு எதிரொலித்துத் திரும்பும். தகட்டுக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 3,000 மீட்டர் ஓடும். 4 மில்லிமீட்டர்த் தகட்டில் போய்வர ஒரு நொடியின் பத்து லட்சத்தில் மூன்று பங்குகூட ஆகாது. நடுவில் எங்காவது அடுக்கு பிரிந்திருந்தால் எதிரொலி அதற்கும் முன்பே வந்துவிடும். எவ்வளவு முன்பு என்று கணக்கிட்டால் எந்த ஆழத்தில் என்று தெரிந்துவிடும். உணரியைத் தறியில் நாடா ஓடுவதுபோல முன்னும் பின்னும் ஓட்டி முழுப் பரப்பையும் படமாக்குவதுதான் சி-ஸ்கேன்.

இது இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் காற்று. திடப்பொருளிலிருந்து காற்றுக்குள் நுழைய ஒலி கிட்டத்தட்ட மறுத்துவிடும். கார்பன் தகட்டுக்கும் காற்றுக்கும் இடையே ஒலித்தடை 10,000 மடங்குக்கு மேல் வேறுபடுவதால், விழும் ஆற்றலில் 99.9 விழுக்காட்டுக்கும் அதிகமாகத் திரும்பி வந்துவிடும். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால்கூடப் போதும், மீயொலிக்கு அது மதில்சுவர். தண்ணீர் தடவுவதும் இதனால்தான். உணரிக்கும் தகட்டுக்கும் நடுவில் காற்று தங்கிவிட்டால் ஒலி உள்ளேயே போகாது.

இனி சமையலறைக்கு வரலாம். தோசைக்கல்லில் மாவு ஊற்றி, ஓரிடத்தில் அடியில் காற்று மாட்டிக்கொண்டால் அந்த இடம் சிவக்காமல் வெளுத்துக் கிடக்கும். கல்லின் சூடு காற்றைத் தாண்டி மாவுக்கு வரத் திணறியதன் அடையாளம் அது. கூட்டுப்பொருளின் மேல் பளிச்சென்று ஒரு மின்னொளியைப் பாய்ச்சி, பரப்பு ஆறுவதை வெப்பக் கேமராவில் பார்ப்பது இதே கதையின் மறுபக்கம். ஒட்டு நன்றாக உள்ள இடத்தில் சூடு உள்ளே இறங்கிவிடும். காற்று மாட்டிய இடத்தில் இறங்க வழியில்லாமல் மேலேயே தங்கும், படத்தில் அந்த இடம் மட்டும் சில நொடிகள் பிரகாசமாக நிற்கும். தொட வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஒரே படத்தில் பெரிய பரப்பு கிடைத்துவிடும். தடித்த பொருள் என்றால் மட்டும் தோசையைப்போலச் சுலபமில்லை. ஆழத்திலிருந்து செய்தி மேலே வருவதற்குள் சூடு நாலா பக்கமும் பரவி, கோளாறின் விளிம்பு கரைந்துவிடும்.

எக்ஸ்ரே எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். எக்ஸ்ரேக்குத் தெரிவது வழியில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது மட்டுமே. முட்டைக்குள் விளக்கு காட்டுவதும் அதுதான். டயருக்குள் எஃகுக் கம்பி அறுந்திருந்தால் எக்ஸ்ரே அருமையாகக் காட்டும். இரண்டு அடுக்குகள் முடியளவு விலகியிருந்தால், கதிரின் வழியில் பொருளின் அளவு அப்படியேதான் இருக்கிறது, படத்தில் ஒன்றும் தெரியாது. கருவி எவ்வளவு விலை என்பதைவிட அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

டயர்த் தொழிலுக்கு என்றே பொருந்திவந்த ஒரு முறை ஷியரோகிராபி. 1970-களிலிருந்து இதை வளர்த்தவர்களில் அமெரிக்காவில் பணியாற்றிய ஒய்.ஒய். ஹங் முக்கியமானவர். டயரை ஒரு மூடிய அறைக்குள் வைத்து லேசர் ஒளி பாய்ச்சுவார்கள். சொரசொரப்பான பரப்பில் லேசர் பட்டால் மணல் தூவியதுபோலப் புள்ளிப் புள்ளியாக மினுங்கும். அந்தப் புள்ளிக்கோலத்தைப் படமெடுத்துக்கொண்டு அறையின் காற்றைக் கொஞ்சம் உறிஞ்சுவார்கள். வெளியழுத்தம் குறைந்ததும், டயருக்குள் ஒட்டுவிட்ட இடத்தில் சிறைப்பட்ட காற்று விரிந்து ரப்பரை ஒரு துளி மேலே தள்ளும். பூரி உப்புவதுபோல என்று சொல்லலாம், ஆனால் இந்த உப்பல் ஒளியின் அலைநீள அளவில்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது படத்தை முதல் படத்தோடு ஒப்பிட்டால், உப்பிய இடத்தில் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்ததுபோல இரட்டை வளையங்கள் வந்து நிற்கும். பரப்பு எவ்வளவு நகர்ந்தது என்பதை விட்டுவிட்டு, பக்கத்துப் புள்ளியைவிட எவ்வளவு கூடுதலாக நகர்ந்தது என்பதை அளப்பதால், பட்டறைத் தரை கொஞ்சம் அதிர்ந்தாலும் இந்தப் படம் கெடாது.

அந்தச் சிறைப்பட்ட காற்று சாலையில் என்ன செய்யும் என்பதற்கு ஆய்வகம் வேண்டாம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வாழைத்தாரும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றி அந்த வளைவுகளில் இறங்கும் வண்டியின் பிரேக் டிரம் கொதித்து, சூடு டயரின் விளிம்புவரை வரும். ஒவ்வொரு சுற்றிலும் டயர் நசுங்கி நிமிரும், ஒட்டுவிட்ட அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும், உரசலில் இன்னும் சூடு. அளவான பாரத்தில் பல மாதம் தூங்கியிருக்கக்கூடிய கோளாறு, காற்று குறைந்த டயரில் கூடுதல் பாரத்தோடு ஒரே இறக்கத்தில் விழித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் முதலைத்தோல்போலக் கிடக்கும் ரப்பர் பட்டைகளைப் பார்த்து எல்லாம் ரீட்ரேடு டயர் என்று முடிவுகட்டுவார்கள். புது டயரும் உரியும். பழி மட்டும் ஒட்டுப்போட்டதன் மேல் விழும்.

*

விமானத்துக்கு வருவோம். 2001 ஜனவரி 4 அன்று பெங்களூருவில் முதன்முதலாகப் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் உடற்கட்டமைப்பு எடையில் ஏறக்குறைய 45 விழுக்காடு கார்பன் நார்க் கூட்டுப்பொருள். வெளியே கண்ணில் படும் பரப்பில் பெரும்பகுதி அதுதான். அதன் கூட்டுப்பொருள் பாகங்களை உருவாக்கியதில் அங்குள்ள தேசிய வான்வெளி ஆய்வகமான நால் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தோலையும் உள்ளே இருக்கும் தாங்கு சட்டங்களையும் தனித்தனியாகச் செய்து ஆணி அடித்து இணைப்பதற்குப் பதில், ஒன்றாக வைத்து ஒரே சூட்டில் வேகவிட்டு ஒரே உடலாக்கும் முறையை அவர்கள் கைக்கொண்டார்கள். அப்படி வேகவிடும் ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலனை நம் ரீட்ரேடிங் சேம்பரின் படித்த அண்ணன் என்று சொல்லலாம். பாகம் வெளியே வந்ததும் மீயொலிச் சோதனை. பறக்கத் தொடங்கிய பிறகும் காலமுறைச் சோதனை.

பறக்கும் காலத்தில் வரும் கோளாறுக்கு ஆங்கிலத்தில் நீண்ட பெயர் ஒன்று இருக்கிறது. தமிழில் நமக்கு ஒரே சொல் உண்டு: ஊமைக்காயம். மெக்கானிக் கையிலிருந்து ஒரு ஸ்பானர் இறக்கை மேல் விழுகிறது. அலுமினியம் என்றால் குழி விழும், நாலு பேர் பார்ப்பார்கள். கார்பன் தகடு உள்வாங்கி நிமிர்ந்துவிடும், மேலே ஒரு தடமும் இராது. உள்ளே அடுக்குக்கு அடுக்கு பிரிவு, மேலிருந்து கீழே போகப்போகக் கூம்புபோல அகன்றிருக்கும். ஸ்பானர் பட்ட பக்கத்தைவிட மறுபக்கத்தில் சேதம் பெரிது. விழுந்ததைச் சொன்னவனைத் திட்டாத பணிமனையில்தான் இந்தக் காயம் உடனே சோதனைக்கு வரும் என்பது என் அபிப்பிராயம்.

ஒட்டுவிட்டால் நேரும் கேட்டுக்கு 1988 ஏப்ரல் 28 ஒரு தேதி. ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது முன்பக்கக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். மற்ற 94 பேரோடு விமானம் தரையிறங்கியது. அது 89,680 முறை பறந்து இறங்கிய விமானம். அந்த வகையின் ஆரம்பகால விமானங்களில் உலோகத் தகடுகளின் மேல்மடிப்பைக் குளிர்நிலையில் ஒட்டும் எபாக்ஸிப் பசையாலும் ரிவெட்டாலும் சேர்த்திருந்தார்கள். பாரத்தைப் பசை சுமக்க வேண்டும், ரிவெட் துணைக்கு. கடல்காற்றின் ஈரம் நுழைந்து பசை விட்டது. பாரம் முழுவதும் ரிவெட் துளைகளுக்கு மாறியது. துளைகளின் விளிம்பில் விரிசல்கள் வரிசைகட்டி ஒன்றோடொன்று கைகோத்தன. ஏறும்போதே கதவருகே ஒரு விரிசலைப் பார்த்ததாகப் பயணி ஒருவர் பின்னர் விசாரணையில் சொன்னார். அன்று யாரிடமும் அவர் சொல்லவில்லை.

இன்னொரு தேதி 2005 மார்ச் 6. கியூபாவின் வரடேரோவிலிருந்து கியூபெக் நோக்கிக் கிளம்பிய ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ310-இல், 35,000 அடியில், வால்பகுதியின் சுக்கான் கழன்று போனது. விமானம் திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது. அது இரண்டு மெல்லிய கார்பன் தோல்களுக்கு நடுவே தேன்கூடு வைத்து ஒட்டிய சுக்கான். அதன்பின் அந்த வகைச் சுக்கான்களைக் கண்ணால் பார்த்தும் தட்டியும் சோதிக்கச் சொன்னார்கள். சில மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தின் ஏ300 சுக்கான் பராமரிப்பின்போது தற்செயலாக அடிபட்டது. பழுதுபார்க்கப் பிரித்தால், அடிக்குச் சம்பந்தமே இல்லாமல் உள்ளே பெரிய பரப்பில் ஒட்டுவிட்டிருந்தது. ஹைட்ராலிக் எண்ணெய் புகுந்திருந்தது. மேலே போகும்போது வெளியழுத்தம் குறைய, உள்ளே மாட்டிய காற்று தோலைத் தள்ளும். கீழே வந்தால் அடங்கும். இப்படி ஒவ்வொரு பயணத்திலும் ஒட்டுவிட்ட பரப்பு வளரலாம். ஷியரோகிராபி அறைக்குள் டயருக்கு நாம் செய்வதை, வானம் அந்தச் சுக்கானுக்குத் தினமும் செய்துகொண்டிருந்தது.

ராக்கெட்டிலும் இதே பயம். திட எரிபொருள் மோட்டாரில் எரிபொருளும் வெப்பக்காப்பு ரப்பரும் வெளிக்கூடும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். இஸ்ரோவின் எஸ்200 மோட்டாரில் 200 டன் எரிபொருள். ஓரிடத்தில் ஒட்டுவிட்டால் தீ அந்த இடுக்கில் நுழைந்து கூட்டையே தின்றுவிடும். அதனால் கதிர்ப்படமும் மீயொலியும் அங்கே சடங்கு அல்ல. முப்பந்தல் பக்கம் சுழலும் காற்றாலை இறக்கையும் இரண்டு பாதிகளாக வார்த்துப் பசையால் மூடியதுதான். கயிற்றில் தொங்கிக்கொண்டு அதைத் தட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், பட்டறைப் பெரியவரின் அதே காதோடு.

*

இதுவரை சொன்ன சோதனைகளில் எக்ஸ்ரேயை விட்டுவிட்டு மற்றவற்றைத் திரும்பப் பாருங்கள். தட்டல், மீயொலி, வெப்பம், லேசர் எல்லாம் தேடுவது ஒன்றைத்தான்: காற்று. ஒட்டு இருக்கிறதா என்று நாம் கேட்கிறோம். இடைவெளி இருக்கிறதா என்று கருவி பதில் சொல்கிறது. பெரும்பாலான நேரம் இரண்டும் ஒன்றுதான். ஒன்றாக இல்லாத நேரமும் உண்டு.

இரண்டு பரப்புகள் நெருங்கித் தொட்டுக்கொண்டிருக்கின்றன, நடுவில் காற்றில்லை, பசையும் முழுக்கப் பரவியிருக்கிறது, ஆனால் பிடிப்பு இல்லை. ஒலி தாராளமாகக் கடந்துபோகும், சூடும் கடந்துபோகும், சுத்தியல் கணீரென்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும். இதை ஆங்கிலத்தில் முத்த ஒட்டு என்பார்கள். அவ்வளவு இனிமையான பெயர் இதற்குத் தேவையில்லை. நம் பெரியவர்கள் சில சம்பந்திகளைப் பற்றிச் சொல்வார்களே, ஒட்டியும் ஒட்டாமலும் என்று, அது போதும். அச்சிலிருந்து பாகம் எளிதில் கழல்வதற்காகப் பூசிய மெழுகின் மிச்சம், காற்றில் மிதந்து வந்த சிலிக்கான் தெளிப்பு, ஈரம், விரல் எண்ணெய், இவற்றில் எது இருந்தாலும் இந்த நிலை வரும். மூலக்கூறு அளவில் நடக்கும் துரோகம் இது. மீயொலியின் அலை அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளமுள்ளது, அதன் கண்ணுக்கு இது படாது.

அமெரிக்க விமானப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் இந்த உண்மையை ஒப்புக்கொண்டு எழுதப்பட்டவை. பிரிந்தால் ஆபத்தாகும் ஒட்டுக்கு அவை மூன்று வழி தருகின்றன. ஒட்டு எங்கே விட்டாலும் ஓரளவுக்கு மேல் பரவாதபடி வடிவமைப்பிலேயே தடை வை. இல்லையென்றால் செய்த ஒவ்வொரு பாகத்தையும் உண்மையான பாரம் ஏற்றி நிரூபி. இல்லையென்றால் ஒட்டின் வலிமையையே நம்பகமாக அளக்கும் சிதைக்காச் சோதனை ஒன்றைக் காட்டு. மூன்றாவது வழியில் இன்னும் யாரும் நிம்மதியாக நடக்கவில்லை. லேசரால் தகட்டின் மேல் ஒரு குட்டி இடியை இறக்கி, அது அடியில் பட்டுத் திரும்பும்போது ஒட்டை ஒரு கணம் இழுத்துப் பார்க்கும் முறையை அமெரிக்காவில் உருவாக்கியிருக்கிறார்கள். நல்ல ஒட்டு தாங்கும், கெட்டது அங்கேயே பிரிந்து, சாதாரண மீயொலிக்கும் தெரிகிற காற்றிடுக்காகிவிடும். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். முட்டையை உடைக்காமல், உடையத்தக்க முட்டையை மட்டும் உடைப்பது.

அதனால் விமானத் தொழில் சோதனையை ஒட்டிய பிறகு என்பதிலிருந்து ஒட்டுவதற்கு முன்பு என்பதற்கு நகர்த்தியிருக்கிறது. உலோகத்தைச் சுத்தம் செய்தபின் அதன் மேல் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். பரப்பு சுத்தமாக இருந்தால் நீர் ஒரே தாளாகப் படர்ந்து நிற்கும். எண்ணெய்ப் பசை இருந்தால் தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாகத் திரண்டு ஓடும். இதைவிட மலிவான கருவி கிடையாது. பாகத்தோடு சேர்த்து அதே பசை, அதே சூடு, அதே நாளில் ஒரு சிறு சாட்சித் துண்டையும் ஒட்டி, அந்தத் துண்டை மட்டும் இழுத்துக் கிழித்துப் பார்ப்பதும் உண்டு. ஐந்து முட்டையை உடைத்துப் பார்க்கும் பழைய ஊகம்தான், கொஞ்சம் நெருக்கமான சொந்தத்தில்.

இவ்வளவும் செய்த பிறகும் மனம் ஒப்பாத பொறியாளர், பசையால் ஒட்டிய மூட்டில் ஓரத்துக்கு இரண்டு ரிவெட்டோ போல்ட்டோ அடித்துவைப்பார். பசையே போதும் என்று கணக்கு சொல்லும், அவருக்குத் தூக்கம் வராது. இதற்கு அந்தத் தொழிலில் ‘கோழி ரிவெட்’ என்று பெயர். ஆங்கிலத்தில் பயந்தவனைக் கோழி என்பார்கள். நாமக்கல்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கோழிக்கும் கோழைக்கும் தமிழிலும் ஓரெழுத்து தூரம்தான்.

டயரில் ரிவெட் அடிக்க இடமில்லை. அன்று பட்டறையில் மூன்றரை மணிக்கு டீயும் ஒரு பொட்டலம் பஜ்ஜியும் வந்தன. எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பஃபிங் முடிந்து சொல்யூஷனுக்குக் காத்திருந்த டயர் ஒன்று என் பக்கத்தில் கருகருவென்று தொங்கிக்கொண்டிருந்தது. வெல்வெட் மாதிரி இருக்கிறதே என்று தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன்.

“அண்ணா, கை வெக்காதீங்க,” என்றார் அதன் பக்கத்தில் நின்ற இளைஞர். பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, டீயை மட்டும் எடுத்துக்கொண்டார்.